சிங்கி சொன்ன கணக்கு

குற்றாலத்துக்குப் போய்வரும் எழுத்தாளர்கள் எல்லோரும் அருவியைப் பற்றி எழுதியாயிற்று. நானும் என் பங்குக்கு ஒன்றிரண்டு எழுதிப் பிரசுரம் செய்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் அருவியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவிலே, ஒரு மாடி அறையில், எனக்குக் கிடைத்த ஒரு விமரிசனப் பாடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகாசிரியர், "தமிழ் நாவல்களில் தொழிலாளி" என்ற தலைப்பைக் கொடுத்து ஒரு கட்டுரை கேட்டிருந்தார். சாரல் காலமாகப் பார்த்து, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களுடன் தென்காசியில் ரயிலைவிட்டு இறங்கினேன். மேலகரத்தில் முந்தின வருஷம் தங்கியிருந்த அதே வீட்டு மாடியில் குடியேறினேன். அந்த வருஷம் எனக்குச் சமைத்துப் போட்ட அம்மாளே இந்தத் தடவையும் வந்தாள். காலையில் இரண்டு மணி நேரம் எனக்குச் சமையல். மிச்சப் பொழுதெல்லாம் அவள் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல் என்று அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். பேச்சு பேச்சாக இருக்கும். விரல்கள் மட்டும் நிற்கமாட்டா.

நான் போன நாலாம் நாள் அந்த அம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அவர்களுக்கு இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடைக்காரன் ஒன்பது வாரக் கூலியை, "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தடித்துவிட்டு, ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டானாம். கம்பெனியில் போய்க் கேட்டால், "நாங்கள் கடைக்காரரிடம் பணம் கொடுத்தாயிற்றே" என்று கையை விரித்துவிட்டார்களாம்.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுதவுகன்னு வீட்டுக்கார ஆச்சி சொன்னாவ. ஒரு மனு எழுதித் தாங்க" என்றாள் அந்த அம்மாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொழிலாளியைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த இடத்தில் தொழிலாளியே படியேறி வந்தால் யாருக்குத்தான் உற்சாகம் வராது? அன்றிரவே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தேய்ந்த விரல்கள், தூள் ஏறிய மூச்சு, அடுப்பில் உறங்கும் பூனை, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாத குழந்தை எல்லாம் அந்த மனுவிலே இருந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது என் கண்ணே கலங்கியது. என் நாவல்களில்கூட அவ்வளவு நல்ல பக்கங்கள் அதிகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதைத் தென்காசியில் ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். வெகு காலம் தொழிற்சங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், பெயர் வேண்டாம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய, அண்ணாச்சி. படிச்சா அழுகை வருது. ஆபீஸிலயும் படிச்சு அழுவாவ. அழுதுட்டுக் காயிதத்தை மடக்கி வச்சிருவாவ. இதுல கணக்கு எங்க இருக்கு?" என்றார்.

எந்த வாரம் எத்தனை ஆயிரம் சுற்றினார்கள்? எவ்வளவு இலை கொடுத்தான்? எத்தனை கழித்தான்? பாஸ் புத்தகம் யார் பேரில் இருக்கிறது? அவர் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் என் மனுவில் பதில் இல்லை. மனுவிலே கண்ணீர் இருந்தது, கணக்கு இல்லை.

அடுத்த மூன்று நாள் நான் புத்தகப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏழு பெண்களும் மாறி மாறி வந்து உட்கார்ந்து சொல்ல, நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஒன்பது வாரக் கூலியை விழுங்கியது பெரிய களவுதான். ஆனால் அது கடைசிக் களவு. அதற்கு முன்னால், வருஷக் கணக்காக, வாராவாரம் நடந்துவந்த சின்னக் களவுகளை அவர்கள் களவு என்றே சொல்லவில்லை. "அது வழக்கந்தானே" என்றார்கள்.

பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆயிரம் பீடிக்கு வேண்டிய இலையைக் கடைக்காரன் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கிற இலையிலே ஓட்டையும் பழுப்புமாகக் கொஞ்சம் போய்விடும், எண்ணூறுதான் தேறும். ஆயிரம் கேட்பான். குறைகிற இருநூறுக்கு இலையை இவள் தன் காசில் வாங்கவேண்டும். இது முதல் களவு. கொண்டுபோய்க் கொடுத்த பீடியில் ஒரு பிடியை, "இது சரியில்லை" என்று தள்ளி வைப்பான். தள்ளிய பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் பீடியைத் திருப்பித் தரவும் மாட்டான். இது இரண்டாவது. மூன்றாவதுதான் ரொம்ப சாமர்த்தியமானது. புதிதாக வேலைக்கு வருகிறவளுக்குப் பாஸ் புத்தகம் போடமாட்டான். வேறொருத்தி புத்தகத்தில் அவள் சுற்றியதைச் சேர்த்து எழுதிவிடுவான். அவள் எத்தனை வருஷம் உழைத்தாலும் ஏட்டிலே அப்படி ஒரு மனுஷி பிறக்கவே இல்லை. சேம நிதி கிடையாது. கேட்க வாயும் கிடையாது. எனக்குச் சமைத்துப் போட்ட அம்மாளின் உழைப்பெல்லாம் அவளுடைய மதினி புத்தகத்திலே இருந்தது.

இவற்றையெல்லாம் பார்லிமெண்டில் இருந்தவர்கள் அறியாமல் இல்லை. 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று சொல்லிற்று. இலை கொடுப்பதிலும், பீடியைக் கழிப்பதிலும், கழித்ததற்குக் கூலி கொடுப்பதிலும் தகராறு வந்தால் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று இந்த மூன்றையும் பெயர் சொல்லியே எழுதி வைத்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பார்த்தார்கள். 1974இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு சட்டத்தின் வாசகத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு வாழ்க்கையைக் கண்டபோது, நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அந்த மூன்றாம் நாள்தான் எனக்கு மறக்க முடியாத நாள். "உனக்கு யார் யார் எவ்வளவு பாக்கி தரவேண்டும்? ஒன்று விடாமல் சொல்லு" என்று அந்தச் சமையற்கார அம்மாளைக் கேட்டேன். அவள் விரலை மடக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பீடிக் கடைக்காரன், கல்யாண வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்ட சமையல் காண்டிராக்டர், சாரல் காலத்தில் விடுதி அறை கூட்டச் சொன்னவர். பிறகு, குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல், "போன வருஷம் நீங்க ஊருக்குப் போறப்போ கடைசி நாலு நாளு" என்றாள்.

அன்று பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற அவசரத்தில், "சில்லறை இல்லை, மணியார்டர் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. மணியார்டர் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்பது உண்மை. ஆனால் பீடிக் கடைக்காரனும் முதல் வாரத்தில் அதைத்தான் சொல்லியிருப்பான். அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒன்று விடாமல் சொல் என்றேன், சொன்னாள். பணத்தைக் கொடுத்தேன். அவள் எண்ணி வாங்கிக்கொண்டாள். அந்தப் பதிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் அடிக்காமல் விட்டு வைத்தேன், இன்னும் இருக்கிறது.

இரண்டாவது மனுவில் ஓர் உவமைகூடக் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாரம், ஆயிரம், கழிவு, பாக்கி என்று கட்டம் கட்டி எழுதினோம். பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று நாலு விசாரணைகள் நடந்தன. புத்தகத்தில் பெயர் இருந்த ஐந்து பேருக்கும் கம்பெனியே ஒன்பது வாரக் கூலியைக் கொடுத்தது. தன் காசில் வாங்கிய இலைக்கு ரசீது ஏது? அது போனது போனதுதான். பெயர் இல்லாத இரண்டு பேரில் ஒருத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குச் சமைத்தவளுக்கு உரியதை அவள் மதினி கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். சட்டம் செய்ய முடியாததை மதினி செய்தாள்.

இப்போது அந்த 1966ஆம் வருஷத்துச் சட்டமும், கூலி பாக்கி கேட்க வழி செய்திருந்த 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் தனியாக இல்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. பாக்கி கேட்க முன்பு 12 மாத அவகாசம். ஊதியத் தொகுப்புச் சட்டம் 3 வருஷம் தருகிறது. கூலியைக் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பையும் முதலாளி தலையிலேயே வைக்கிறது. நல்லதுதான். ஆனால் வேலை செய்தேன் என்பதற்கு ஏட்டில் ஒரு வரியாவது இருக்கிறவளுக்குத்தான் இந்த நன்மை எளிதில் எட்டும்.

இதற்கெல்லாம் பிறகு என் புத்தகப் பெட்டியைத் திறந்தேன். முதலில் எழுதி வைத்திருந்த கட்டுரைக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். பெரியவர் என் மனுவைக் கேட்ட கேள்வியையே ஒவ்வொரு நாவலையும் கேட்டுப் பார்த்தேன்: இதில் கணக்கு எங்கே?

நம் கதைகளில் தொழிலாளி ஏராளமாக இருக்கிறான். அவனுக்குப் பசி உண்டு, இருமல் உண்டு, மானமுள்ள மகள் உண்டு. அவனுடைய கூலி மட்டும் காணோம். எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், நடுவில் மறைந்தது எவ்வளவு, யார் கையில் மறைந்தது என்ற விவரம் பெரும்பாலான கதைகளில் கிடையாது. அதற்குப் பதிலாக மீசை முறுக்கிய ஒரு மிராசுதாரோ, சுருட்டுப் பிடிக்கும் ஒரு மில் முதலாளியோ வருவார். அவர் கொடியவர், ஆகவே தொழிலாளி ஏழை. கதை முடிந்தது. படிக்கிற நமக்கும் நிம்மதி. ஏனென்றால் நமக்கு அப்படிப்பட்ட மீசை கிடையாது.

உண்மையில் கூலியைத் திருடுகிறவன் சுவரில் கன்னம் வைப்பதில்லை. நல்ல மனுஷனாகவே இருக்கிறான். "என்னம்மா, குழந்தை சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறான். முயற்சி செய்தவனுக்கு உடல் வருந்திய கூலியாவது கிடைத்தே தீரும் என்று வள்ளுவர் உறுதி சொன்னார். பாவம், அவர் காலத்தில் காண்டிராக்டர் இல்லை போலிருக்கிறது.

என் சொந்தக் கதைகளையும் இதிலிருந்து விலக்கிவிட முடியாது. பலர் பாராட்டிய என் கதை ஒன்றிலே ஒரு வண்டிக்காரன் பட்டினி கிடந்து சாகிறான். அவனுக்கு யார் எவ்வளவு தர வேண்டியிருந்தது என்று அந்தக் கதையில் எங்கும் இல்லை. எழுதும்போது எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆனால் கணக்குக் கேட்ட எழுத்தாளர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்களில் சிலர் இந்தத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக் கேணி' இந்தச் சீமைக் கிராமத்திலிருந்து மருதி என்ற பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. மருதியின் உடம்பு பட்ட பாட்டையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவளைப் போன்றவர்களை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது முன்பணம் என்கிற கணக்கு. கங்காணி கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, கடனோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை இலங்கையில் 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை மறுபடி படித்தால், கதை இன்னும் கனக்கிறது.

ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது. அம்பாசமுத்திரத்து நெசவாளர் கதை. நூலை வாங்கி, துணியைக் கொடுத்து, இடையில் தேய்கிறவன் நெசவாளி. இலையை வாங்கி, பீடியைக் கொடுத்து, இடையில் தேய்கிறவள் என் மாடிப்படி ஏறி வந்தவள். நூல் எங்கே போகிறது, அதன் விலை யார் கையில் இருக்கிறது என்று ரகுநாதன் கேட்கிறார். நாவலில் பிரசார வாடை வீசுகிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இன்று எனக்கு அந்த வாடையைவிட அந்தக் கேள்வி பெரிதாகத் தெரிகிறது. அதேபோல, 1979இல் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பார்த்து, கேட்டு, 'கரிப்பு மணிகள்' எழுதினார். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதிய நாவலுக்கும், வெயில் கொடியது என்று மட்டும் தெரிந்து எழுதிய நாவலுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிலே காணலாம்.

மாறான உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். தகராறின் அடியில் இருந்தது கூலி நெல். அதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது. 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசும் பெற்றது. மிகவும் திறமையாக எழுதப்பட்ட நாவல், சந்தேகமில்லை. ஆனால் நிலச்சொந்தக்காரரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக அந்த நாவல் முன்வைக்கிறபோது, எனக்கு அந்தத் தென்காசிப் பெரியவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆண்மையுள்ள எத்தனையோ நிலச்சொந்தக்காரர்களும் நெல்லைக் குறைத்துத்தான் அளந்தார்கள். மனோதத்துவம் உள்ளே வந்ததும் மரக்கால் வெளியே போய்விட்டது என்பதே என் அபிப்பிராயம்.

"நாவல் என்ன கணக்குப் பேரேடா? கலைக்கும் கூலிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எமிலி ஜோலா என்ற பிரெஞ்சுக்காரர் 1884இல் அன்ஸான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, 'ஜெர்மினால்' எழுதி, மறுவருஷம் வெளியிட்டார். அந்த மகா நாவலில் வேலைநிறுத்தம் எதனால் வெடிக்கிறது? முட்டுக்கட்டை போடும் வேலைக்குத் தனியாகக் கூலி தருகிறோம் என்று சொல்லிவிட்டு, வண்டிக்கரிக்கு உள்ள விலையைக் கம்பெனி குறைக்கிறது. பார்வைக்குத் தாராளம், கூட்டிப் பார்த்தால் நஷ்டம். படிக்காத சுரங்கத் தொழிலாளி அந்தக் கூட்டலைத் தன் தலைக்குள்ளேயே போட்டு முடிக்கிற இடத்தில் நாவல் தீப்பிடிக்கிறது. அங்கே கணக்கு கலையைக் கெடுத்ததா? கணக்கு இல்லாவிட்டால் அங்கே கலையே இல்லை. மனிதர்களின் குணம் தெரிய வேண்டுமானால் காதல் காட்சியைவிடச் சனிக்கிழமைச் சாயங்காலக் கூலிக் காட்சி எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் சிந்தித்துக்கொண்டு மேலகரம் தெருவில் உலாவியபோதுதான், நான் தங்கியிருந்தது யாருடைய ஊர் என்பது உறைத்தது. 'குற்றாலக் குறவஞ்சி' பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மேலகரத்துக்காரர். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் இருந்துகொண்டு, வந்தவர்க்கெல்லாம் சுவைத்துச் சுவைத்துச் சொன்ன நூல்களில் அதுவும் ஒன்று. அதிலே குறத்தி சிங்கியைத் தேடி அலைந்து சிங்கன் வந்து சேருகிறான். அவள் உடம்பெல்லாம் நகை. சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு என்று பயப்படுகிறான். ஒவ்வொன்றையும் இது என்ன, இது என்ன என்று கேட்கிறான். அவளோ, இது இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு, இது இன்ன ஊரில் பெற்ற நகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள்.

இதுவரை அதை நான் ஹாஸ்யமாகவும் சிருங்காரமாகவும் படித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது படித்தபோது வேறொன்று தெரிந்தது. சிங்கி சொல்வது கூலிக் கணக்கு. இன்ன ஊர், இன்ன வேலை, இன்ன கூலி. ஒன்றையும் அவள் பிச்சை என்று சொல்லவில்லை; யாரையும் வாழ்த்தி அழவில்லை. உழைப்பாளி ஒருத்தி தன் கணக்கைத் தானே வாய்விட்டுச் சொல்கிற அந்த இடம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நம் இலக்கியத்தில் இருக்கிறது. கவிராயருக்கும் அவர் கூலி கிடைத்தது. மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது என்று சொல்வார்கள். கூலி கிடைத்த கவிஞருக்குக் கூலி கிடைத்த சிங்கியைப் பாடத் தோன்றியது போலும்.

அதற்குப் பின் வந்த நாம் சிங்கியின் வாயிலிருந்து கணக்கை எடுத்துவிட்டுக் கண்ணீரை ஊற்றிவிட்டோம். கண்ணீருக்கு நாம் இரங்கலாம்; இரங்கினால் நமக்குப் புண்ணியம். கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும், அது கஷ்டம்.

பத்திரிகாசிரியருக்கு அந்தக் கட்டுரையை நான் அனுப்பவேயில்லை. அவருக்கு நான் பட்ட பாக்கியை இந்தக் கட்டுரையால் தீர்த்துக்கொள்கிறேன். நேயர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை ஏழையைப் பற்றி ஒரு நல்ல கதையைப் படித்து மனம் உருகும்போது, அவனுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று அந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையானால் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளைக் கூப்பிட்டு, "உனக்கு நான் ஏதாவது பாக்கி தரவேண்டுமா?" என்று கேளுங்கள். அவள் சொல்லுவாள்.